தேநீர்ச்சாலையிற் பிறந்த கணிப்பொறி

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றிய மரபு நம்முடையது. அவ்விரு கண்களுள் எண்ணென்னும் கண்ணை ஒரு பொறியிடம் ஒப்படைத்துவிட்ட காலம் இது. வங்கியிலும் வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் இன்று கணினியின்றி ஒரு கருமமும் நடைபெறுவதில்லை. அதனை எவரும் வியப்பதில்லை. ஏன் வாங்கினீர் என்று வினவுவாருமில்லை. ஆயின் எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. ஒரு கணிப்பொறிக்காகப் பெருஞ்செல்வத்தைச் செலவிடத் துணிந்த வணிக நிலையம், அச்செலவு தகுமென்பதைத் தன் பங்காளருக்கு எண்ணாற் காட்டவேண்டியிருந்தது. அவர்கள் காட்டிய எண் யாது? அஃது உண்மையாயிற்றா? அவ்வெண்ணுள் அடங்காது நின்றோர் யாவர்? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிப்பொறியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் போர்க்களத்தையும் பல்கலைக்கழகத்தையுமே சுட்டுவர். பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணித்தற்கென ஐக்கிய அமெரிக்காவில் அமைக்கப்பெற்று, 1946 ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்படுத்தப்பட்ட எனியாக் என்னும் பொறியே அவர்தம் தொடக்கம். அது பிழையன்று. எனினும், ஒரு வணிக நிலையத்தின் அன்றாடக் கணக்கை வாரந்தோறும் ஒழுங்காகச் செய்துமுடித்த முதற் கணிப்பொறி பிறந்த இடம் வேறு. தேநீரும் பாணும் பணிசும் விற்ற இலண்டன் நிறுவனமொன்றே அதனைத் தன் கட்டடத்துள் தானே கட்டியெழுப்பிற்று. அந்நிறுவனம் கலந்து பொதி செய்த தேயிலையுள் எம் மலைநாட்டுக் கொழுந்தும் இருந்தது என்பதை எண்ணுங்கால், இவ்வரலாறு எமக்கு முற்றும் அயலானதன்று என்பது புலனாகும்.

ஜே. லயன்ஸ் கம்பனி 1887 ஆம் ஆண்டிலே தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதற் தேநீர்ச்சாலை 1894 இல் இலண்டன் பிக்கடில்லி வீதியிலே திறக்கப்பட்டது. நாளடைவில் அத்தகைய சாலைகள் இருநூற்றுக்கு மேலாயின. தொழிலாளரும் இலிகிதரும் அஞ்சாது நுழைந்து, குறைந்த விலைக்குத் தூய்மையான உணவுண்ணத்தக்க இடங்களாக அவை விளங்கின. இச்சாலைகளுக்கு வேண்டிய பாணையும் கேக்கையும் ஹமர்ஸ்மித் என்னுமிடத்திலிருந்த கட்பி ஹோல் என்ற பெருநிலையத்தில் அந்நிறுவனமே சுட்டது. தேயிலையைக் கிறீன்போட் என்னுமிடத்திற் பொதி செய்தது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்குத் தொழில் புரிந்தனர்.

இத்தகைய வாணிகத்தின் இயல்பை மாணவர் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். கப்பல் விற்பவனுக்கு ஆண்டில் ஒரு பற்றுச்சீட்டு எழுதினாலும் போதும். தேநீர் விற்பவனோ ஒரு நாளில் இலட்சக்கணக்கான சிறு விற்பனைகளைப் பதியவேண்டும். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது. அச்சிறு இலாபத்தை, அவ்விற்பனையைப் பதியும் இலிகிதரின் சம்பளமே விழுங்கிவிடக்கூடும். ஆதலின், கணக்கெழுதும் செலவைக் குறைத்தல் லயன்ஸ் நிறுவனத்துக்கு வாழ்வா தாழ்வா என்னும் வினாவாயிற்று.

இவ்வினாவை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஜோன் சிம்மன்ஸ் என்பவர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்திற் சிறப்புத் தேர்ச்சி பெற்ற இவர், 1923 ஆம் ஆண்டில் லயன்ஸிற் சேர்ந்தார். கணித விற்பன்னர் ஒருவருக்குத் தேநீர்க்கடையில் என்ன வேலையெனப் பலர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின், அலுவலக வேலையும் ஆராய்ச்சிக்குரிய ஒரு பொருளே என்பது சிம்மன்ஸின் துணிபு. 1930களில் அந்நிறுவனத்தில் முறைமை ஆராய்ச்சிப் பிரிவொன்று இயங்கத் தொடங்கிற்று. எப்பத்திரம் எங்கே பிறக்கின்றது, எத்தனை கை மாறுகின்றது, ஈற்றில் யாருக்குப் பயன்படுகின்றது, அது வேண்டுவதுதானா என ஒவ்வொரு கருமத்தையும் பிரித்து நோக்குதலே அப்பிரிவின் தொழில். கணிப்பொறியென ஒன்று உலகில் இல்லாத காலத்திலேயே, கணிப்பொறிக்கு வேண்டிய ஆயத்தம் அங்கு நடைபெற்றுவிட்டது என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1947 ஆம் ஆண்டில், ஒலிவர் ஸ்ராண்டிங்போட், றேமண்ட் தொம்சன் என்னும் இருவரை லயன்ஸ் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. அங்குள்ள அலுவலகங்கள் போர்க்காலத்தில் யாது புதுமை கண்டன என அறிந்துவருதலே அவர்க்கு இடப்பட்ட பணி. அலுவலகங்களில் அவர்கள் பெரும் புதுமை காணவில்லை. ஆயின் பிறின்ஸ்ரனில் ஹேமன் கோல்ட்ஸ்ரைன் என்னும் அறிஞரைச் சந்தித்து மின்கணிப்பொறியைப் பற்றிக் கேட்டறிந்தனர். அவரோ, இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜிலேயே மொறிஸ் வில்க்ஸ் என்பார் அத்தகைய பொறியொன்றை அமைக்கின்றார் என்னும் செய்தியை அவர்களுக்குக் கூறினார். தம் வீட்டு வாயிலிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் உள்ளதை அறிய அத்திலாந்திக் மாகடலைக் கடக்கவேண்டியிருந்தது!

திரும்பிவந்த இருவரும் 1947 ஒக்ரோபர் மாதத்தில் ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். வணிகக் கணினியின் வரலாற்றில் அவ்வறிக்கைக்கு உயர்ந்த இடமுண்டு. கணிப்பொறியொன்றை அமைக்க 100,000 பவுண் செலவாகும். அதனால் ஆண்டுதோறும் 50,000 பவுண் மீதமாகும் என்பது அவர்கள் காட்டிய மதிப்பீடு. அஃதாவது ஈராண்டில் முதல் திரும்பிவிடும். அப்பால் வருவதெல்லாம் ஆதாயம். இதனை எண்கணிதம் பயிலும் சிறுவனும் சரிபார்த்தல் கூடும். பணிப்பாளர் சபையினரும் அதனைச் சரிபார்த்து உடன்பட்டனர். ஆண்டுக்கு மீதமாகும் அந்த 50,000 பவுண் எங்கிருந்து வரும்? அதன் பெரும்பகுதி இலிகிதர்தம் சம்பளத்திலிருந்தே வரவேண்டும். பிற்காலத்திற் பல நாட்டு நிறுவனங்கள் மீட்டும் மீட்டும் எழுதிய நியாயத்தின் முதற் படிவம் இதுவே எனலாம்.

பொறியை விலைக்கு வாங்குவதற்கு அக்காலத்தில் விற்பார் ஒருவருமிலர். ஆதலின் லயன்ஸ் நிறுவனம் சில ஆயிரம் பவுண் பணத்தையும், லெனாட்ஸ் என்னும் தன் ஊழியர் ஒருவரின் உழைப்பையும் கேம்பிறிட்ஜ் முயற்சிக்கு உதவிற்று. எட்சாக் எனப் பெயரிய அப்பல்கலைக்கழகப் பொறி 1949 மே மாதம் 6 ஆந் திகதி தன் முதற் கணக்கைச் செய்தது. அதனைக் கண்டபின், அதனை முன்மாதிரியாகக் கொண்டு தனக்கென ஒன்றைக் கட்டுவதென நிறுவனம் முடிவு செய்தது. பொறியை ஆக்கும் பொறுப்பு ஜோன் பிங்கேற்றன் என்னும் பௌதிக அறிஞரிடமும், அதற்குரிய வேலைமுறைகளை வகுக்கும் பொறுப்பு டேவிட் கமினர் என்பவரிடமும் ஒப்படைக்கப்பட்டன. லயன்ஸ் மின் அலுவலகம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அப்பொறிக்கு லியோ எனப் பெயரிட்டனர்.

லியோவின் உருவம் இன்றைய மாணவருக்கு நகைப்பை விளைக்கலாம். ஏறக்குறைய ஆறாயிரம் வால்வுகள் எரிந்து வெப்பத்தை உமிழ்ந்தன. இரசம் நிரப்பிய குழாய்களின் ஊடாகச் செல்லும் ஒலியலைகளாக எண்களை நினைவில் இருத்தினர். ஒரு பெரிய மண்டபத்தையே நிறைத்த அப்பொறியின் நினைவில் இரண்டாயிரத்துச் சொச்சம் எண்களே அடங்கும். ஆயினும் பொறியமைத்தவர்க்கு நேர்ந்த பெரிய இடர்ப்பாடு அதன் கணிக்கும் ஆற்றலைப் பற்றியதன்று. அறிவியற் கணக்குக்கும் வணிகக் கணக்குக்கும் உள்ள வேறுபாடே அவ்விடர்ப்பாட்டின் வேர். வானியலாளன் சில எண்களைக் கொடுத்து நீண்ட கணக்கைச் செய்விப்பான். வணிகனோ பல்லாயிரம் எண்களைக் கொடுத்து ஒவ்வொன்றிலும் சிறு கூட்டலும் பெருக்கலுமே வேண்டுவான். கணக்கு நொடியில் முடிய, எண்களை உட்புகுத்தலும் விடையை அச்சிடுதலும் நாழிகைக்கணக்கில் நீண்டன. காந்த நாடாவைக் கொண்டு இதனைத் தீர்க்க முயன்று பயன் காணாது, துளையட்டைகளையும் துளையிட்ட தாள் நாடாவையுமே ஈற்றில் நம்பவேண்டியதாயிற்று.

1951 ஆம் ஆண்டின் இறுதியில், வெதுப்பகங்களின் உற்பத்தி மதிப்பைக் கணிக்கும் வேலை லியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. நவெம்பர் மாத இறுதியிலிருந்து வாரந்தவறாது அதனை அப்பொறி செய்தது. உலகில் ஒரு வணிக நிலையத்தின் கணக்கு வேலையை ஒழுங்காகச் செய்த முதற் கணினி என அதனைக் கூறுதற்குக் காரணம் இதுவே. சம்பளக் கணக்கை உடனே கொடுத்துவிடவில்லை. சம்பளம் ஒரு நாள் பிந்தினாலும் ஊழியர் வீட்டில் அடுப்பெரியாது என்பதை அறிந்த நிர்வாகம், கைக்கணக்கையும் பொறிக்கணக்கையும் நெடுநாள் பக்கம்பக்கமாக நடத்தி ஒப்புநோக்கிய பின்னரே, 1953 டிசெம்பரிற் சம்பளப் பட்டியலைப் பொறியிடம் விட்டது. கணக்கு வைப்பார் யாவரும் போற்றவேண்டிய பொறுமை இது.

பயிற்சிபெற்ற இலிகிதர் ஒருவர் ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணிக்க 8 நிமிடம் எடுத்தார் என்றும், லியோ அதனை ஒன்றரை நொடியில் முடித்தது என்றும் கூறுவர். மாணவர் இதனை ஒரு கணக்காகவே செய்து பார்க்கலாம். ஊழியர் 10,000 பேர் எனக் கொள்வோம். கையாற் செய்யின் 80,000 நிமிடம். அஃதாவது 1,333 மணிநேரத்துக்குச் சற்று மேல். கிழமைக்கு 40 மணிநேரம் வேலை செய்யும் இலிகிதர் முப்பத்துமூவருக்கு மேல் வேண்டும். பொறியாற் செய்யின் 15,000 நொடி. நான்கு மணி பத்து நிமிடம். இதனைக் கண்ட எந்தப் பணிப்பாளர் சபை மறுத்துரைக்கும்?

ஆயின் லியோவின் உண்மையான பயன் இக்கணக்கில் அடங்கவில்லை என்பதே என் கருத்து. அதனைக் காட்டுதற்கு 1954 ஒக்ரோபரில் தொடங்கிய இன்னொரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தேநீர்ச்சாலைக்கும், வாரத்தின் இன்ன நாளில் இன்ன பொருள் இத்தனை வேண்டும் என்னும் நிலையான கட்டளையொன்று பொறியில் வைக்கப்பட்டது. சாலையின் முகாமையாளரான பெண்மணி அதில் மாற்றம் வேண்டின் மட்டுமே பிற்பகலிற் தொலைபேசியிற் கூறுவார். கேட்பவர் அதனை அப்போதே துளையட்டையிற் பதிவார். உடனே பொறி, வெதுப்பகம் எத்தனை சுடவேண்டும், பொதி செய்வோர் எதனை எதனோடு அடுக்கவேண்டும், எவ்வண்டியில் எதனை ஏற்றவேண்டும் எனப் பட்டியலிட்டு அச்சிடும். இதனால் மீதமான இலிகிதர் எத்தனை பேர் எனக் கேட்பது சிறு வினா. எச்சாலையில் எப்பொருள் விலைபோகாது கழிகின்றது என்பதை நிர்வாகம் மறுநாளே அறிந்துகொண்டது என்பதன்றோ பெரும்பயன்! தேயிலைக் கையிருப்பையும் கலவையையும் கணக்கிடும் வேலையும் பின்னர் அப்பொறியிடம் சேர்ந்தது.

ஆகவே, பொறியை வாங்குதற்குக் காட்டிய நியாயம் ஒன்று. வாங்கியபின் பெற்ற பயன் வேறொன்று. முன்னையது இலிகிதர் தொகையைக் குறைத்தல். பின்னையது தன் தொழிலைத் தானே விரைந்து அறிதல். முன்னையதை எண்ணால் எழுதிக் காட்டலாம். பின்னையதை அவ்வாறு காட்டல் அரிது. எண்ணக்கூடியதை நியாயமாகக் காட்டி, எண்ணமுடியாததை நம்பி வாங்குதல் அன்றுதொட்டு நிலைத்த வழக்கமாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது இதனை மேலும் தெளிவாக்கும். ஜெனரல் எலக்ற்றிக் நிறுவனம் லூயிவில் நகரிலுள்ள தன் வீட்டுமின்பொருள் தொழிற்சாலைக்கு யூனிவாக் என்னும் கணினியை 1954 ஆம் ஆண்டில் நிறுவிற்று. அவ்வாண்டிலேயே அதன் பொறுப்பாளருள் ஒருவரான றொடி ஒஸ்போண் ஹார்வார்ட் வணிக ஆய்விதழில் அம்முயற்சியை விளக்கிக் கட்டுரை வரைந்தார். சம்பளப் பட்டியல், பொருட்கையிருப்பு, கட்டளையும் விலைப்பட்டியலும், பொதுக் கணக்கு ஆகிய நான்கு வேலைகளையே அவர்கள் முதற்கண் தெரிந்தெடுத்தனர். இவை யாவும் துளையட்டைப் பொறிகள் ஏலவே செய்துவந்த வேலைகள் என்பது கவனிக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் அற்புதம் எனப் புகழப்பட்ட பொறி, பழைய அட்டைப்பொறியின் கதிரையிலேயே சென்று அமர்ந்தது. சம்பளத்தின் விதிகள் தெளிவானவை. இலிகிதரின் தொகையும் தெரிந்தது. ஆகவே மிச்சத்தை எண்ணுதல் எளிது. பொறி எதற்குச் சிறந்தது என்பதைவிட, எதனை எண்ணிக் காட்டலாம் என்பதே அதன் முதல் வேலையைத் தீர்மானித்தது.

இதனோடு வேறிரு காரணங்களும் சேர்ந்தன. ஐ.பி.எம். நிறுவனம் தன் பொறிகளைப் பெரும்பாலும் மாதவாடகைக்கே கொடுத்தது. பெருமுதல் இடவேண்டிய இடத்தில் வாடகை கொடுத்தாற் போதும் என்னும்போது, சபையோரின் தயக்கம் தளர்ந்தது. அந்நிறுவனம் 1953 இல் அறிவித்த 650 என்னும் பொறி ஏறக்குறைய இரண்டாயிரமும், 1959 இல் அறிவித்த 1401 என்னும் பொறி பதினாயிரத்துக்கு மேலும் பரவின. மற்றைய காரணம் பெருமை. கண்ணாடிச் சுவருக்குள் ஒளிரும் பொறியை வருவோர் போவோர் காணும்படி வைத்தல் நிறுவனத்தின் மதிப்பை உயர்த்திற்று. அயலான் வாங்கினான், யானும் வாங்கவேண்டும் என்னும் எண்ணம் கலியாண வீட்டுக்கு மட்டும் உரியதன்று. பணிப்பாளர் சபைக்கும் உரியது. ஆயின் எவரும் தம் அறிக்கையில் பெருமைக்காக வாங்கினோம் என எழுதுவதில்லை. அங்கும் இலிகிதர் தொகையே எழுதப்பட்டது.

இனி, இந்நியாயம் கடல்கடந்து கீழைத்தேயம் வந்தபோது யாது நிகழ்ந்தது எனக் காண்போம். போருக்குப் பின்னைய பிரித்தானியாவில் வேலைக்கு ஆட்பஞ்சம் நிலவிற்று. முப்பது இலிகிதரின் வேலையைப் பொறி செய்யின், அம்முப்பதின்மருக்கும் வேறிடம் கிடைத்தது. ஆதலின் மீதம் என்ற சொல் அங்கு எவரையும் அச்சுறுத்தவில்லை. இந்தியாவிலோ பட்டதாரி ஒருவர் இலிகிதர் பதவிக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தார். ஒருவர் சம்பளத்தில் ஒரு குடும்பம் முழுவதும் உண்டது. அங்கே மீதம் என்பது வேறு பொருள் தந்தது.

பம்பாயில் எசோ என்னும் எண்ணெய் நிறுவனம் 1961 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 1401 கணினியை நிறுவிற்று. இந்தியாவின் வணிகத்துறைக்கு வந்த முதற் கணினி அதுவென்பர். 1956 செப்டெம்பர் 1 ஆந் திகதி, 245 நிலையங்களை ஒன்றிணைத்து நிறுவப்பட்ட ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் 1960களிற் கணினியை நாடிற்று. எண்ணிறந்த காப்புறுதிப் பத்திரங்களையும் தவணைப் பணங்களையும் கையாற் பதிதல் இயலாது என்பது நிர்வாகத்தின் வாதம். வேலையற்றோர் நிறைந்த நாட்டில் வேலையைத் தின்னும் பொறி எதற்கு என்பது ஊழியர் சங்கத்தின் வாதம். கல்கத்தாவில் இலாக்கோ மாளிகை என்னும் கட்டடத்துள் கணினி நுழையாதவாறு ஊழியர் இரவுபகலாகக் காவலிருந்தனர். நாடெங்கும் எழுந்த இப்பூசலின் பயனாக இந்திய அரசு 1969 இல் தண்டேகர் என்னும் பொருளியலறிஞர் தலைமையிற் குழுவொன்றை நியமித்தது. 1972 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. லயன்ஸ் சபையில் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கக்கூடிய கூட்டற்கணக்கு, இங்கு ஒரு நாட்டின் வழக்காயிற்று.

இவ்வூழியரை அறிவிலிகள் என எள்ளுதல் இன்று எளிது. கணினி ஈற்றில் வந்தது. பல புதிய தொழில்களையும் தந்தது என்பதும் உண்மை. ஆயினும் அவர்கள் எழுப்பிய வினா தவறானதன்று. மீதம் யாருடைய பையிற் சேரும், இழப்பு யாருடைய வீட்டில் விழும் என்பதே அவ்வினா. 100,000 பவுணும் 50,000 பவுணும் காட்டிய அறிக்கையில் அதற்கு விடையில்லை. அவ்வறிக்கைக்கு அது தேவைப்படவுமில்லை.

இலிகிதர் என்னும் சொல் எம்மவர்க்கு வெறுஞ்சொல்லன்று. தண்ணீர் குறைந்த குடாநாட்டில் நிலம் கொடாத வாழ்வைப் பேனா கொடுத்தது. ஆங்கிலங் கற்ற இளைஞர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்று கணக்கேட்டின்முன் அமர்ந்தனர். அவர் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன. கோயில்களும் கல்லூரிகளும் எழுந்தன. இம்மலரை வெளியிடுவது போன்ற கல்லூரிகளின் வரலாறே அவ்விலிகிதரின் சம்பளத்தோடு பின்னிப் பிணைந்தது. பிற்காலத்தில் அரசாங்க இலிகிதர் சேவையில் எம்மவர் தொகை அருகியது கணிப்பொறியாலன்று. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்தே அவ்வாயில் ஒடுங்கலாயிற்று. பொறியை அஞ்சுவோர், மனிதர் இயற்றும் விதியே பொறியினும் விரைவாக வேலையைப் பறிக்கவல்லது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

இலங்கைக்குக் கணினி வந்த கதையும் லியோவின் கதையோடு ஒருவகையிற் தொடர்புடையது. லயன்ஸ் நிறுவனம் 1954 இல் லியோ கணினிக் கம்பனியைத் தனியே தோற்றுவித்துப் பிறர்க்கும் பொறிகளை விற்றது. 1963 இல் அக்கம்பனி இங்கிலீஷ் எலக்ற்றிக் நிறுவனத்தோடு இணைந்தது. 1968 இல் அதுவும் வேறு பிரித்தானியக் கணினி நிறுவனங்களும் ஒன்றாகி ஐ.சி.எல். எனப் பெயர்பெற்றன. அவ்வைக்கியத்தின் மற்றொரு கிளை ஆக்கிய 1900 வரிசைப் பொறியொன்றே 1960களின் பிற்பகுதியில் எமது நாட்டின் அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தில் நிறுவப்பட்டது. இலங்கையின் முன்னோடிக் கணினி அதுவே. அங்கு முதலிற் தேவைப்பட்டது கட்டடக் கலைக்குரிய கணக்கு. பின்னரே பிற அலுவலகங்களின் தரவுகளும் பொறிகளை நாடின.

லயன்ஸ் நிறுவனத்தின் முடிவையும் கூறுதல் முறை. உலகில் எவர்க்கும் முன்னர் வணிகக் கணினி கண்ட அந்நிறுவனம் கணினித் தொழிலைக் கைவிட்டது. தேநீர்ச்சாலைகளுக்கும் வரவேற்புக் குன்றியது. 1978 இல் அந்நிறுவனமே பிறர் கைக்கு மாறிற்று. கணக்கைச் செம்மையாகச் செய்தல் வாணிகத்துக்கு வேண்டியது. ஆயின் அது மட்டும் போதாது. பாண் எத்தனை வேண்டும் எனப் பொறி கூறும். மக்கள் இனியும் பாண் வாங்க அங்கு வருவாரா எனக் கூறாது.

இவற்றையெல்லாம் உடையார்கட்டில் என் வகுப்பறையிலிருந்து எண்ணிப்பார்க்கிறேன். இவ்வன்னி மண்ணிற் குடியேறியோருட் பலர் மலைநாட்டிலிருந்து வன்செயல்களால் விரட்டப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள். அவருடைய பாட்டிமார் கொய்த கொழுந்து கொழும்பு ஏலத்திற் போய், கப்பலேறி, பெட்டியிலடைபட்டு, இலண்டன் மாந்தரின் கோப்பையிற் சேர்ந்தது. அக்கொழுந்தின் இருப்பையும் கலவையையும் பொறி நொடியிற் கணித்தது. கொய்தவளின் கூலியோ தோட்டத்துத் தராசிலும் கணக்கப்பிள்ளையின் செக்ரோலிலும் நின்றது. எண்ணுவதில் அத்துணைத் திறன் பெற்ற அறிவு, எண்ணத் தொடங்கும் இடத்தைத் தானே தெரிந்துகொள்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

2009 ஆம் ஆண்டின் போரில் இப்பகுதி மக்கள் வீட்டோடு பத்திரங்களையும் இழந்தனர். காணி உறுதி, பிறப்புப் பதிவு, பாடசாலை வரவேடு, கூட்டுறவுக் கடையின் பேரேடு என யாவும் மண்ணோடு மண்ணாயின. ஆதலின், பதிவேட்டின் அருமையை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. மீள்குடியேறியபின் அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கணினிகள் வந்தன, அவற்றை வரவேற்கின்றேன். ஆயின் யான் அறிந்த நிலையமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுதல் தகும். கணினி வந்தது, துணியால் மூடி வைத்தனர். பழைய பேரேட்டிலேயே கணக்கு நடந்தது. ஆண்டிறுதியில் அப்பேரேட்டைப் பார்த்து எண்களைப் பொறியிற் பதித்து, அச்சிட்டுக் கோவையிற் சேர்த்தனர். எந்தப் பத்திரம் எதற்கு வேண்டும் என எவரும் ஒரு நாளேனும் கேட்டிலர். வேலை இரட்டித்தது, அறிவு ஓரங்குலமும் வளரவில்லை. சிம்மன்ஸும் அவர் தோழரும் பொறி வருமுன் கால் நூற்றாண்டு செய்த வேலையை இங்கு எவரும் ஒரு கிழமையேனும் செய்யவில்லை என்பதே குறை. பொறியின்மேற் குறையில்லை.

ஆகவே, இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, தன் தொழிலை அறிந்தவனுக்கே பொறி உதவும்; அறியாதவனுக்கு அது விலையுயர்ந்த தட்டச்சுப் பொறியாய் முடியும். இரண்டாவது, ஒரு பொறியை வாங்குதற்குக் காட்டப்படும் எண் பெரும்பாலும் எண்ணுதற்கு எளிதானது. அதுவே முழு உண்மையெனக் கொள்ளற்க. மூன்றாவது, ஒரே கூட்டற்கணக்கு இலண்டனில் ஆதாயமாகவும் கல்கத்தாவில் அச்சமாகவும் நிற்கும். மீதத்தைக் காட்டுவோர் அது யார் வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பதையும் காட்டக் கடமைப்பட்டவர்.

இன்று, சிந்திக்கும் எனப் புகழப்படும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளை வாங்கச் சொல்லி உலகெங்கும் புதிய அறிக்கைகள் எழுதப்படுகின்றன. ஆசிரியர், கணக்காளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் சம்பளம் அவற்றில் மீதம் என்னும் நிரலில் இடம்பெறத் தொடங்கிவிட்டது. இம்மலரைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை அவ்வறிக்கைகளை எழுதுவர். சிலர் அவ்வறிக்கைகளில் எண்ணாக எழுதப்படுவர். இருதிறத்தாரும் 1947 ஆம் ஆண்டின் அந்த இரண்டு தொகைகளையும் நினைவிற் கொள்வாராக. கூட்டலிற் பிழையில்லை எனக் கண்டபின்னும், கூட்டலில் விடுபட்டது யாது எனத் தேடுதலே கற்றவர் கடன்.